பத்தொன்பது ஓலையும் ஒரு கிடாரியும்

கேளுங்கள், சின்னவர்களே. பெரியவர்களும் சும்மா இருந்தால் கேளுங்கள். கடலில் தொடங்கி மலையில் முடிகிற சாலை ஒன்று இருந்த காலம் அது. அந்தச் சாலை நெடுக ஐந்து நாடுகள். கீழே உப்புநாடு, அடுத்து நெல்நாடு, நடுவில் பருத்திநாடு, மேலே மிளகுநாடு, உச்சியில் தேன்நாடு. ஐந்து நாட்டுக்கும் ஐந்து மன்னர்கள். ஐவரும் நல்லவர்கள். கெட்டவன் ஒருவன் எப்போது வருவான் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கதையில் அவன் வரமாட்டான்.

பழைய நாளில் எல்லைதோறும் சுங்கம் வாங்கினார்கள். வண்டிக்கு இரண்டு படி என்று அளந்து எடுத்துக்கொண்டு, போ என்று சொல்லிவிடுவார்கள். வணிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே அளந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு மன்னர்களுக்கு நல்ல புத்தி வந்தது. சுங்கத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் ஐவரும் ஒன்றாகக் கூடிப் பேசவில்லை. உப்பு மன்னர் மகளை நெல் மன்னர் மகனுக்குக் கொடுத்தபோது, இரண்டு நாட்டுக்கும் இடையே சுங்கம் இல்லை என்று ஓர் ஓலை எழுதினார்கள். நெல் மன்னரும் பருத்தி மன்னரும் சண்டை போட்டு அலுத்தபோது இன்னோர் ஓலை எழுதினார்கள். மிளகு மன்னர் தேன் மன்னர் வீட்டில் விருந்து சாப்பிட்டு மனம் குளிர்ந்தபோது மற்றோர் ஓலை எழுதினார்கள். இரண்டு பேராக எழுதினார்கள், மூன்று பேராக எழுதினார்கள், முன்பு எழுதியதை மறந்துவிட்டும் எழுதினார்கள். மூன்று தலைமுறையில் பத்தொன்பது ஓலைகள் ஆயின.

ஒன்றையும் கிழிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு மன்னருடைய பாட்டனார் முத்திரை இருந்தது. பாட்டனார் முத்திரையைக் கிழிப்பவன் பேரனா?

ஆகையால் சுங்கம் இல்லாமல் போயிற்று. சுங்கம் கட்ட வேண்டியதில்லை என்று மெய்ப்பிப்பதற்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது.

ஏன் மூன்று நாள் என்று கேட்பீர்கள். சலுகை எல்லாம் உடன்பட்ட நாடுகளின் பொருளுக்குத்தானே? வேறு நாட்டுப் பொருள் நடுவில் புகுந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு பொருளும் எந்த நாட்டுப் பொருள் என்று முதலில் முடிவு கட்ட வேண்டும். அதற்கு ஓலைகளில் மூன்று விதிகள் இருந்தன. சில ஓலைகள், எங்கே பிறந்ததோ அதுவே அதன் நாடு என்றன. சில, எந்த மண்ணில் பாதிக்கு மேல் தின்று வளர்ந்ததோ அதுவே நாடு என்றன. சில, எங்கே பெயர் மாறியதோ அதுவே நாடு என்றன. எல்லைக்கு எல்லை ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததால், பெரும்பாலான இடங்களில் மூன்றையும் கேட்டார்கள்.

நெல்நாட்டுக்கும் பருத்திநாட்டுக்கும் இடையே உள்ள எல்லைச் சாவடி அருகில், ஒரு புங்கமரத்து நிழலில் சேந்தன் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது ஓலையும் அவருக்கு மனப்பாடம். வண்டிக்காரர் யார் வந்தாலும், எந்த ஓலையைக் காட்டி எந்தச் சாவடியைக் கடக்கலாம் என்று சொல்லி அனுப்புவார். சரக்கில் ஒரு கைப்பிடி கூலி. அவர் வீட்டில் ஐந்து நாட்டுச் சரக்கும் எப்போதும் இருக்கும்.

ஒருமுறை பாய் வணிகர் ஒருவர் வந்தார். கோரை நெல்நாட்டுக் கோரை. சாயம் மிளகுநாட்டுச் சாயம். நெய்தவர் பருத்திநாட்டில் குடியிருக்கும் உப்புநாட்டார். சேந்தன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "சாயம் பட்ட கரையை ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துடுங்க. மிச்சம் எட்டாவது ஓலையில போயிடும்" என்றார். அப்படியே போயிற்று. அந்த ஆண்டு மேல்நாடுகளில் எல்லோரும் ஒருக்களித்துப் படுத்தார்கள். பாய் அகலம் போதவில்லை.

பெயர் மாறும் விதியை எழுதிக் கொடுத்ததே சேந்தன்தான். பஞ்சு நூலானால் பெயர் மாறுகிறது, நூல் துணியானால் பெயர் மாறுகிறது, பெயர் மாறிய இடமே அதன் நாடு என்று அவர் பருத்தி மன்னருக்கு எழுதிக் கொடுத்தார். மன்னர் மகிழ்ந்து கையில் பொன்காப்பு பூட்டினார். சேந்தன் அதைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

இத்தனை கெட்டிக்காரரை ஒரு வருத்தம் அரித்துக்கொண்டிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஒரே மகள் அல்லி தேன்நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாயில்லாப் பெண். அவளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது ஐந்து நாட்டுக்கும் பொதுவான வழக்கம், அரண்மனை முதல் குடிசை வரை. ஆனால் சேந்தன், "வராதே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரணம் ஓலைதான். 'எல்லை கடக்கும் எதற்கும் இது பொருந்தும்' என்று பத்தொன்பதிலும் எழுதியிருந்தது. பெரியவர்களிடம் யாரும் கேட்பதில்லை, மரியாதைக்காக. கைக்குழந்தைக்கு என்ன மரியாதை? போன ஆண்டு தாய்வீட்டில் பெற்றுத் திரும்பிய ஒரு பெண்ணை, பிள்ளை எந்த நாட்டுப் பொருள் என்று கேட்டு ஒன்பது நாள் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்தவர் சேந்தன். அதனால்தான் மகளை வர வேண்டாம் என்றார். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் வேட்டன் என்கிற தேன் வணிகன் மலையிலிருந்து இறங்கி வந்தான். வந்தவன் கூலிக்குத் தேன் எடுக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஐயா, அல்லிக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"இருக்கு. ஆனா தாய்க்குப் பால் இறங்கல. மலையில கோமாரி வந்து மாடு ஆடு எல்லாம் போயிடுச்சு. ஊர்ல பிள்ளை பெத்தவ வேற ஒருத்திதான். அவ ஒருவேளை கொடுக்கிறா. மத்த நேரம் கஞ்சித்தண்ணிதான்."

சேந்தன் எழுந்தார். அவர் கொட்டிலில் இன்னும் ஈனாத செவலைக் கிடாரி ஒன்று இருந்தது. தலைச்சன் சினை. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் ஈனும் என்று கணக்குப் போட்டார். தேன்நாட்டுக்கு ஆறு நாள் நடை. அங்கே போய் ஈன்றால் பிள்ளைக்குப் பால்.

தன் கிடாரிக்குத் தானே ஓலை எழுதினார். 'கிடாரி ஒன்று. பிறந்தது நெல்நாடு. தின்றது நெல்நாட்டு வைக்கோல். பெயர் மாறவில்லை.' அப்படி ஒரு சுத்தமான ஓலையை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். வேட்டனும் கூட நடந்தான்.

பருத்திநாட்டுக்குள் தடையில்லாமல் நுழைந்தார்கள். மூன்று நாள் நடந்து பருத்திநாட்டைத் தாண்டினார்கள். அங்கே அந்த நாட்டுச் சாவடியில் வெளியேறும் முத்திரையும் வாங்கிவிட்டார்கள். எதிரே மிளகுநாட்டுச் சாவடி. இரண்டு சாவடிக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம் யாருக்கும் சொந்தமில்லாத தரை. அதற்கு இடைத்தரை என்று பெயர்.

இடைத்தரையில் கிடாரி நின்றது. வாலைத் தூக்கியது. படுத்தது. சேந்தன் போட்ட கணக்கு அதற்குத் தெரியாது. வெயில் ஏறுவதற்குள் ஒரு கன்று ஈன்றுவிட்டது.

மிளகுநாட்டுச் சாவடித் தலைவன் பெயர் கொற்றன். நேர்மையானவன், பணிவானவன். சேந்தனைக் கண்டதும் ஓடிவந்து கும்பிட்டான்.

"ஐயா, உங்ககிட்ட ஓலை படிச்சுத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

"நல்லா இரு. கதவைத் திற."

கொற்றன் ஓலையை வாங்கிப் படித்தான். மாட்டைப் பார்த்தான். மறுபடியும் படித்தான். முகம் வாடிவிட்டது.

"ஐயா, ஓலையில கிடாரின்னு இருக்கு. இது ஈன்ன மாடு. கிடாரி ஈன்னா பசு. பெயர் மாறிடுச்சு. பெயர் மாறின இடம் இடைத்தரை. இடைத்தரை எந்த நாடும் இல்லையே? அப்படின்னா உங்க பசுவுக்கு நாடே இல்ல."

அது சேந்தனுடைய விதி. அதில் ஓட்டை இல்லை என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"கன்னு?"

"கன்னு பிறந்ததே இடைத்தரை. அதுக்கும் நாடு இல்ல, ஐயா."

சரி, திரும்பிப் போய்விடலாம் என்று பருத்திநாட்டுச் சாவடிக்கு வந்தார். அவர்களும் பணிவானவர்களே. "கிடாரியை வெளிய அனுப்பிட்டோம். இப்ப வர்றது யாரோ ஒரு பசு" என்றார்கள்.

முதல்நாள் சேந்தன் பிறந்த விதியைக் கொண்டு வாதாடினார். கன்றின் தலை வெளியே வந்தபோது பசுவின் பின்பக்கம் பருத்திநாட்டைப் பார்த்திருந்தது என்றார். கொற்றன் யோசித்துவிட்டு, பார்த்தது வேறு, விழுந்தது வேறு என்றான். அது சரிதான்.

இரண்டாம்நாள் தின்ற விதியைக் கொண்டு வாதாடினார். கன்று தின்றது தாய்ப்பால், தாய் தின்றது நெல்நாட்டு வைக்கோல் என்றார். கொற்றன், கடைசி மூன்று நாள் அது பருத்திக்கொட்டை தின்றதே என்றான். அதுவும் சரிதான். கொற்றன் இரக்கப்பட்டு மிளகுநாட்டுப் புல் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டான். சேந்தன் அதைப் பசுவின் வாயிலிருந்து பிடுங்கினார். அதையும் தின்றால் கணக்கு இன்னும் குழம்பும். பசு அவரை ஒருமுறை பார்த்தது.

மூன்றாம்நாள் பெயர் மாறிய விதியை எடுத்தார். தான் எழுதிய விதியைத் தானே உடைக்கப் பகல் முழுதும் முயன்றார். முடியவில்லை. அத்தனை நன்றாக எழுதியிருந்தார்.

கன்று ஈன்றபின் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது வழக்கம். ஆலமரம் மிளகுநாட்டில் நின்றது, ஒரு கிளை மட்டும் இடைத்தரைக்குள் நீண்டிருந்தது. சேந்தன் அந்தக் கிளையில் கட்டினார். கொற்றன் நூல் பிடித்து அளந்து பார்த்து, இருக்கலாம் என்று அனுமதித்தான்.

சீம்பாலைக் கறந்து குடுவையில் ஊற்றி வேட்டனிடம் கொடுத்து அனுப்பவும் பார்த்தார். நாடில்லாத பசுவின் பாலுக்கு நாடு ஏது? வேட்டன் வெறுங்கையோடு போனான். வெறுங்கைக்கு ஓலை தேவையில்லை.

இதற்குள் சேந்தனுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. 'முன்னே நிற்பது முடியாமல் பின்னே நிற்பது நகராது' என்று பதினோராவது ஓலை சொன்னது. யாரும் முந்திக்கொண்டு ஓடக் கூடாது என்று மூன்று மன்னர்கள் நல்லெண்ணத்தோடு எழுதியது. கீழிருந்து ஏறிய வண்டிகள் பருத்திநாட்டில் நின்றன. மேலிருந்து இறங்கிய வண்டிகள் மிளகுநாட்டில் நின்றன. இடைத்தரையில் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அரண்மனைகளில் இது முதலில் சமையற்கட்டில் தெரிந்தது. நெல் மன்னருக்கு மிளகில்லாத சாறு வந்தது. மிளகு மன்னருக்குச் சோறே வரவில்லை. தேன் மன்னர் உப்பில்லாமல் மூன்றுவேளை சாப்பிட்டுவிட்டு, எல்லையில் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஐந்து மன்னர்களும் புறப்பட்டார்கள்.

எட்டாம் நாள் காலையில் வந்து சேர்ந்தார்கள். யாருடைய மண்ணில் உட்காருவது என்று பேச்சு எழுந்தது. யார் மண்ணும் வேண்டாம் என்று இடைத்தரையிலேயே பந்தல் போட்டார்கள். பெரியவர்களிடம் ஓலை கேட்கும் வழக்கம் இல்லாததால் ஐவரும் தங்குதடையின்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

அதே நேரத்தில் வேட்டனும் மலையிலிருந்து ஓடிவந்தான். மன்னர்கள் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, பால் கொடுத்தாளே அவளுக்குக் காய்ச்சல். அந்த ஒருவேளையும் நின்னு போச்சு. பிள்ளை அழக்கூட மாட்டேங்குது."

சேந்தன் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மன்னர்கள் நடந்ததைக் கேட்டு மனம் இளகினார்கள். சொன்னேனே, நல்லவர்கள். பருத்தி மன்னர், "இதற்கென்ன, இருபதாவது ஓலை ஒன்று எழுதிவிடலாம். சேந்தனின் பசுவுக்கும் கன்றுக்கும் விலக்கு என்று நாங்கள் ஐவரும் முத்திரை வைக்கிறோம். நீரே எழுதும்" என்றார். ஓலையும் எழுத்தாணியும் வந்தன.

சேந்தன் பாய்ந்து வாங்கினார். எழுதத் தொடங்கினார். 'சேந்தனின் பசுவுக்கு' என்று எழுதிவிட்டார்.

வரிசையில் அவருக்கு அடுத்தபடி நின்றவள் நாகி. உப்பு விற்பவள். எட்டு நாளாய் நின்று உப்பெல்லாம் பனியில் கசிந்துகொண்டிருந்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. என் கழுதையும் சினையா இருக்கு. அதுக்கு இருபத்தொண்ணாவது ஓலையா?"

யாரோ சிரித்தார்கள். நாகி சிரிக்கவில்லை. அவள் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். தாய்வீட்டிலிருந்து திரும்புகிறவள். குழந்தையை முந்தானையால் மூடி மறைத்து வைத்திருந்தாள், சாவடிக்காரர் கண்ணில் படாமல் இருக்க.

சேந்தனின் எழுத்தாணி நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது ஓலையும் இவர்களுக்கு முள்ளாகக் கிடந்தபோது, அந்த முள்ளை எண்ணிக் காட்டியே அவர் பிழைத்தார். ஒரு முள்ளைத் தன் கையாலேயே நட்டு, காப்பும் வாங்கிக்கொண்டார். இப்போது தன் ஒரு பசுவை மட்டும் தாண்டவைக்க இன்னொன்றா? எழுதினால் இந்த நிமிடமே போகலாம். பிள்ளை அங்கே காத்திருக்கிறது.

அவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"கொற்றா, 'எல்லை கடக்கும் எதற்கும் பொருந்தும்'னு ஓலையில இருக்கா?"

"இருக்கு, ஐயா."

"மன்னர்களுக்கு விலக்கு இருக்கா?"

கொற்றன் பத்தொன்பதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். "எங்கேயும் இல்ல, ஐயா."

"அப்ப உன் வேலையைச் செய்."

கொற்றன் நேர்மையானவன் என்று சொன்னேன். அவன் மிளகுநாட்டுச் சாவடியின் கதவைச் சாத்தி அதன்முன் நின்றான். பருத்திநாட்டுச் சாவடிக்காரர்களும், ஒரு சாவடி செய்வதை இன்னொரு சாவடி செய்யாதிருப்பது குறைவு என்று நினைத்துத் தங்கள் கதவைச் சாத்தினார்கள்.

மன்னர்கள் சிரித்தார்கள். சேந்தன் கும்பிட்டபடி மிளகு மன்னரிடம் வந்தார்.

"மன்னா, தாங்கள் பிறந்தது எங்கே?"

"இது என்ன கேள்வி? என் தாயார் உப்புநாட்டுப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில். உப்புநாட்டில் பிறந்தேன்."

கொற்றன் தலைகுனிந்து, "அப்படியானால் தாங்கள் மிளகுநாட்டுப் பொருள் இல்லை, மன்னா" என்றான்.

சேந்தன் பருத்தி மன்னரிடம் போனார். "தாங்கள் தின்று வளர்ந்தது எங்கே?"

பருத்தி மன்னருக்கு வயது முப்பத்தைந்து. இருபது வயது வரை நெல்நாட்டில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். பாதிக்கு மேல் நெல்நாட்டுச் சோறு. அவர் தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

சேந்தன் நெல் மன்னரிடம் போனார். "இளவரசர் என்ற பெயர் மன்னர் என்று மாறியது எங்கே?"

நெல் மன்னரின் தந்தை போர்ப்பாசறையில் இறந்தார். பாசறை இருந்தது பருத்திநாட்டில். அங்கேயே யானைமேல் வைத்து முடிசூட்டினார்கள். ஊரறிந்த செய்தி. மறைக்க வழியில்லை.

உப்பு மன்னரும் தேன் மன்னரும் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. ஐவரும் தலைப்பிள்ளைகள், ஐவருடைய தாயும் வேறு நாட்டுப் பெண். எழுந்த இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"திற" என்றார் மிளகு மன்னர்.

"திறக்கிறேன், மன்னா. தங்கள் பாட்டனார் முத்திரையை மீறச் சொல்கிறீர்களா?"

மீறு என்று மன்னரால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை மீறலாம் என்றால் எப்போதும் மீறலாம் என்றாகிவிடும். மூன்று தலைமுறையாக வணிகர்கள் கேட்டதும் அதைத்தானே?

உச்சிப்பொழுது ஆயிற்று. மன்னர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களைச் சாவடிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சோறு நெல்நாட்டுச் சோறு, பானை பருத்திநாட்டுப் பானை. விசாரிக்க நேரமாகும் என்றார்கள்.

பசியில் மன்னர்கள் நெருக்கமாக உட்கார்ந்தார்கள். ஐவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசியது அதுவே முதல்முறை. தேன் மன்னர் உண்மையைச் சொன்னார். "எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்தால் நெல்நாட்டு வெல்லம் மலையேறி வந்துவிடும். என் மக்களின் தேனை யார் வாங்குவார்கள்?" அது நியாயமான பயம். யாரும் சிரிக்கவில்லை.

சேந்தன் சொன்னார். "வெல்லத்துக்கு மட்டும் நான்கு ஆண்டு பழைய சுங்கம் இருக்கட்டும், மன்னா. ஆண்டுக்குக் கால்பங்கு குறையட்டும். அதற்குள் உங்கள் மக்கள் தேனுக்குக் கீழ்நாடுகளில் வாங்குபவர்களைத் தேடிக்கொள்வார்கள். இப்போது தேன் கீழே இறங்கப் படும் பாடு எனக்குத் தெரியும். அதைத் தின்றுதான் நான் கொழுத்தேன்."

"பாட்டனார்கள்?" என்றார் உப்பு மன்னர்.

"ஒன்றையும் கிழிக்க வேண்டாம். பத்தொன்பதையும் ஒரே கயிற்றில் கோத்து, அதன்மேல் ஓர் ஓலையைக் கட்டுவோம். கீழே உள்ள எல்லாம் இதில் அடங்கின என்று அதில் எழுதுவோம். பாட்டனார்கள் விரும்பியது வழி திறக்கத்தானே? அவர்கள் விருப்பம் நிறைவேறியது என்றே எழுதுவோம்."

சேந்தன் 'சேந்தனின் பசுவுக்கு' என்று எழுதிய ஓலையைத் தூர வைத்துவிட்டுப் புதியது எடுத்தார். 'ஐந்து நாட்டுக்குள்ளும் இடைத்தரையிலும் எங்கே பிறந்தாலும், எங்கே தின்றாலும், எங்கே பெயர் மாறினாலும், அது ஐந்து நாட்டுக்கும் உரியது. சாவடி எதுவும் அதைக் கேள்வி கேட்பதில்லை.' வெல்லத்துக்கு ஒரு வரி. வேறொன்றும் இல்லை. ஐந்து முத்திரைகளும் அதன்மேல் விழுந்தன.

மிளகு மன்னர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இனி உமக்கு வேலை?"

"இல்லை, மன்னா" என்றார் சேந்தன்.

கொற்றன் கதவைத் திறந்தான். மன்னர்கள் எழுவதற்கு முன்பே சேந்தன் கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பசு கன்றின் பின்னால் ஓடியது. வேட்டன் பசுவின் பின்னால் ஓடினான். மூன்று நாள் நடையை இரண்டு நாளில் நடந்தார்கள். தேன்நாட்டுச் சாவடியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குதிரையில் வந்த தூதன் அவர்களுக்கு முன்பே செய்தியைச் சேர்த்திருந்தான்.

அல்லி குடிசைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது, ஒரு பிடி துணி போல. கண் மட்டும் திறந்திருந்தது.

சேந்தன் பால் கறந்தார். கொதிக்கவைத்து, தண்ணீர் கலந்து ஆற்றி, பாலாடையில் ஊற்றிக் கொடுத்தார். அல்லி பிள்ளையின் உதட்டில் வைத்தாள். முதல் சொட்டு வழிந்துவிட்டது. இரண்டாவது சொட்டும் வழிந்துவிட்டது. மூன்றாவது சொட்டு உள்ளே இறங்கியது. பிறகு பிள்ளை பாலாடையை விடவில்லை.

அது குடித்து முடிக்கும் வரை அல்லி தலை நிமிரவில்லை. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"பிரசவத்துக்கு வராதேன்னு சொல்லி அனுப்பினீங்களே அப்பா. உங்க புங்கமரத்தடிக்கு வந்து எத்தனை பேர் வழி கேட்டாங்க. எனக்கு மட்டும் ஒரு வழி இல்லாம போச்சா?"

சேந்தனுக்குப் பத்தொன்பது ஓலையும் மனப்பாடம். அவளுக்குச் சொல்ல அவற்றில் ஒரு வரியும் அகப்படவில்லை.

"வழியை அடைச்சவங்கள்ல நானும் ஒருத்தன்மா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். தூங்கிப்போன பிள்ளையை அல்லி எடுத்து அவர் மடியில் வைத்தாள். வயிறு நிறைந்த பிள்ளை கனமாக இருந்தது.

கேட்டீர்களா? இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: இருவர் இருவராகக் கூடிப் பல உடன்பாடுகளைச் செய்து வழியைச் சிக்கலாக்குவதைவிட, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவான ஒரே உடன்பாட்டைச் செய்வதே மேல்.